கணக்கு எனக்கு வராது!

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. ஒரே வகுப்பில் படித்த மல்லிகாவும் சுமதியும் மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். இருவருக்கும் கணிதத்தில் 82 மதிப்பெண்.

"மேல்நிலையில் என்ன பிரிவு எடுக்கப் போகிறாய்?" என்று கேட்கிறாள் சுமதி.

"கணக்கு இல்லாத பிரிவு எதுவானாலும் சரி. எனக்குத்தான் கணக்கு வராதே!" என்கிறாள் மல்லிகா.

"எனக்குக் கணக்கு ஒன்றுதான் வரும். நான் கணக்குப் பிரிவில்தான் சேருவேன்" என்கிறாள் சுமதி.

இது நாம் கற்பனை செய்துகொண்ட உரையாடல்தான். ஆயினும் இதைப் போன்ற பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே பேசியும் இருப்பீர்கள். இருவரும் பெற்ற மதிப்பெண் ஒன்றே. அப்படியிருக்க, ஒருத்திக்குக் கணக்கு "வருகிறது", மற்றொருத்திக்கு "வரவில்லை". இஃது எப்படி? மதிப்பெண் அல்லாத வேறு ஏதோ ஒன்று இங்கே வேலை செய்கிறது அல்லவா?

அந்த வேறொன்றுக்கு உளவியலார் வைத்துள்ள பெயர் மனப்பான்மை. ஒரு பாடத்தின்பால் நாம் கொண்டுள்ள மனப்பான்மை, நாம் தேர்ந்தெடுக்கும் பாடங்களை எவ்வாறு முடிவு செய்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது முதல், பத்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஏறத்தாழ 15 வயதில் இந்த முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படிக்காதவர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல இயலாது. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் படிப்புகள் பெரும்பாலானவற்றின் கதவு மூடிக்கொள்ளும். ஆகவே இது சிறிய செய்தியன்று.

மனப்பான்மை என்பது என்ன?

மனப்பான்மையில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது எண்ணம்: "கணிதம் கடினமான பாடம்" என்று நினைப்பது. இரண்டாவது உணர்ச்சி: கணித வகுப்பு என்றதும் மகிழ்வதோ அஞ்சுவதோ. மூன்றாவது செயல் நாட்டம்: கணக்கைக் கண்டதும் பென்சிலை எடுப்பதோ, புத்தகத்தை மூடுவதோ.

மனப்பான்மை வேறு, திறமை வேறு. திறமை இருந்தும் ஒரு பாடத்தை வெறுப்பவர் உண்டு. விரும்பியும் அதில் தடுமாறுபவர் உண்டு. பொதுவாக இரண்டும் ஓரளவு சேர்ந்தே செல்லும் என்றாலும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முழுவதும் கணித்துவிட முடியாது.

கண்ணுக்குத் தெரியாத மனப்பான்மையை எப்படி அளப்பது? முடியும் என்று காட்டியவர் அமெரிக்க உளவியலறிஞர் லூயி தர்ஸ்டன். மனப்பான்மைகளை அளக்கலாம் என்பதையே தலைப்பாகக் கொண்ட கட்டுரை ஒன்றை அவர் 1928இல் வெளியிட்டார். அவருடைய முறை நல்லதே என்றாலும் அளவுகோலைத் தயாரிக்க மிகுந்த உழைப்பு வேண்டியிருந்தது. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் எளிய முறை ஒன்றை வகுத்தார். ஒரு கூற்றைக் கொடுத்து, அதை முழுமையாக ஒப்புகிறீர்களா, ஒப்புகிறீர்களா, முடிவு சொல்ல இயலவில்லையா, மறுக்கிறீர்களா, முழுமையாக மறுக்கிறீர்களா என்று கேட்பதே அம்முறை. விடைகளுக்கு 5 முதல் 1 வரை எண்கள் கொடுத்துக் கூட்டினால் மனப்பான்மையின் அளவு கிடைத்துவிடும். இன்று உலகெங்கும் பயன்படும் வினாப்பட்டியல்களில் பெரும்பகுதி இந்த லிக்கர்ட் முறையில் அமைந்தவையே. இக்கட்டுரையின் இறுதியில் நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம்.

மனத்துக்குள் கேட்கும் இரண்டு கேள்விகள்

மனப்பான்மை எவ்வாறு தேர்வாக மாறுகிறது? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் அப்போது பணியாற்றிய ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற உளவியலறிஞரும் அவருடைய குழுவினரும் 1983இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது என்பது அதன் சாரம்.

முதற்கேள்வி: "இது என்னால் முடியுமா?"

இரண்டாம் கேள்வி: "இது எனக்கு வேண்டுமா?"

இரண்டாம் கேள்விக்குள் நான்கு சிறு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இப்பாடத்தைப் படிப்பது எனக்கு இன்பமாக இருக்கிறதா? என்னைப் போன்ற ஒருவருக்கு இது ஏற்றதா? நான் அடைய விரும்பும் ஒன்றுக்கு இது பயன்படுமா? இதற்காக நான் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? இங்கே விலை என்பது பணத்தை மட்டும் குறிப்பதன்று. செலவாகும் நேரம், தோற்றுவிடுவோமோ என்ற அச்சம், தோழர்களைப் பிரிந்து வேறு பிரிவில் அமர வேண்டிய நிலை ஆகிய எல்லாம் விலைதான்.

முதற்கேள்விக்கு "முடியும்" என்று விடை சொல்பவர்கூட இரண்டாம் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்லலாம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஆசிரியரும் பெற்றோரும் காண்பது முதற்கேள்வியை மட்டுமே. ஒரு மாணவர் பாடத்தை விட்டு விலகுவது பல நேரங்களில் இரண்டாம் கேள்வியால்தான்.

இங்கிலாந்தில் இயற்பியல்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் கிடைக்கிறது. அங்கே 16 வயது வரை மாணவர் அனைவரும் அறிவியல் படிக்கின்றனர். அதன்பின் 'ஏ லெவல்' என்னும் மேல்நிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்தெடுக்கின்றனர். நம் நாட்டைப் போலப் பாடங்கள் பிரிவு பிரிவாகக் கட்டி வைக்கப்பட்டிருப்பதில்லை. வரலாற்றோடு இயற்பியலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். எனவே மாணவரின் விருப்பம் அங்கே தெளிவாக வெளிப்படுகிறது.

16 வயதில் நடக்கும் இயற்பியல் தேர்வில் பெண்களும் ஆண்களும் ஏறத்தாழ ஒரே தரத்தில் தேறுகின்றனர். ஆனால் 'ஏ லெவல்' இயற்பியலை எடுப்பவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவினரே. பல பத்தாண்டுகளாக இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை.

பெண்களின் மூளைக்கு இயற்பியல் ஏற்றதன்று என்று யாரேனும் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர் விடை கூற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டின் இயற்பியல் கழகம் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் அரசுப் பள்ளிகளில் 49 விழுக்காடு பள்ளிகளிலிருந்து, 2011ஆம் ஆண்டில் ஒரு பெண்கூட 'ஏ லெவல்' இயற்பியலுக்குச் செல்லவில்லை! அதே நேரத்தில், பெண்கள் மட்டும் படிக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்த மாணவியர் இயற்பியலை எடுக்கும் வாய்ப்பு, கலப்புப் பள்ளி மாணவியரைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது.

காரணம் மூளையில் இருந்தால், பள்ளி மாறும்போது தேர்வு இந்த அளவுக்கு மாறுமா? பெண்கள் பள்ளிகளுக்கும் கலப்புப் பள்ளிகளுக்கும் வேறு பல வேறுபாடுகளும் இருக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் ஒன்று தெளிவு. "இயற்பியல் ஆண்களின் பாடம்" என்ற எண்ணம் நிலவும் வகுப்பறையில், "என்னைப் போன்ற ஒருத்திக்கு இது ஏற்றதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற விடை எளிதாக வந்துவிடுகிறது.

பாடம் பிடிக்கிறது; ஆனாலும்...

ஒரு பாடம் பிடித்திருந்தால் மட்டும் போதுமா? இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் அப்போது பணியாற்றிய லூயிஸ் ஆர்ச்சரும் அவருடைய குழுவினரும் 2009 முதல் 2013 வரை 10 வயது முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பெரும்பாலான மாணவர்கள், அறிவியல் வகுப்பில் சுவையானவற்றைக் கற்பதாகக் கூறினர். தம் பெற்றோர் அறிவியலை உயர்வாக மதிப்பதாகவும் கூறினர். ஆனால் அறிவியலறிஞராக வேண்டும் என்று விரும்பியவர்கள் 15 விழுக்காடு அளவிலேயே இருந்தனர்.

அறிவியலைச் செய்வது பிடிக்கிறது. ஆனால் அறிவியலறிஞராக இருப்பது "எனக்கானது அன்று" என்று அவர்கள் கருதினர். குடும்பத்திலோ தெரிந்தவர்களிலோ அறிவியல் தொழிலில் உள்ள ஒருவரும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் மிகுதி. கண்ணால் கண்டிராத ஒரு தொழிலில் தன்னைப் பொருத்திப் பார்ப்பது யாருக்கும் கடினந்தானே?

மனத்திலுள்ள படம்

கண்களை மூடிக்கொண்டு ஓர் அறிவியலறிஞரை நினைத்துப் பாருங்கள். உங்கள் மனத்தில் தோன்றுபவர் யார்?

1957இல் மார்கரெட் மீட், ரோடா மெட்ரோ என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளை ஆராய்ந்தனர். வெள்ளை அங்கியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, ஆய்வுக்கூடத்தில் தனியே உழைக்கும், நடுத்தர வயதோ முதுமையோ அடைந்த ஓர் ஆண்! இதுவே பெரும்பாலான மாணவர் தீட்டிய சொற்சித்திரம். அவரை அவர்கள் மதித்தனர். ஆனால் அவரைப் போல வாழத் தமக்கு விருப்பமில்லை என்றனர்.

பின்னர் டேவிட் சேம்பர்ஸ் என்பவர் சிறுவர்களிடம் தாளைக் கொடுத்து, அறிவியலறிஞர் ஒருவரை வரையச் சொன்னார். 1966 முதல் 1977 வரை வரையப்பட்ட 4,807 படங்களைப் பற்றி அவர் 1983இல் எழுதினார். அவற்றுள் பெண் அறிவியலறிஞரைக் காட்டியவை எத்தனை தெரியுமா? 28 மட்டுமே. அந்த இருபத்தெட்டையும் வரைந்தவர்கள் சிறுமியர்தாம்.

இந்தப் படம் மாறாதது என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுக் காலத்தில் நடந்த இத்தகைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் ஓர் ஆய்வுரை வெளியாயிற்று. 1980களுக்குப் பிந்தைய ஆய்வுகளில், சராசரியாக நூற்றுக்கு 28 சிறுவர்கள் பெண் அறிவியலறிஞரை வரைந்திருந்தனர். உலகில் பெண் அறிவியலறிஞர்கள் பெருகப் பெருக, பிள்ளைகளின் மனத்திலுள்ள படமும் மாறி வருகிறது.

மல்லிகாவின் மதிப்பெண் பட்டியல்

இனி, தொடக்கத்தில் சந்தித்த இரு தோழியரிடம் திரும்புவோம். அவர்களுடைய கணித மதிப்பெண்ணை மட்டுமே சொன்னோம். மற்ற மதிப்பெண்களையும் இப்போது பாருங்கள்.

மல்லிகா: தமிழ் 96, ஆங்கிலம் 91, கணிதம் 82.
சுமதி: தமிழ் 64, ஆங்கிலம் 61, கணிதம் 82.

புதிர் அவிழ்ந்துவிட்டது அல்லவா? மல்லிகா தன் கணிதத்தைத் தன் தமிழோடு ஒப்பிடுகிறாள். 96க்குப் பக்கத்தில் 82 சிறியதாகத் தெரிகிறது. சுமதியும் தன் கணிதத்தைத் தன் தமிழோடுதான் ஒப்பிடுகிறாள். 64க்குப் பக்கத்தில் அதே 82 மலையாக உயர்ந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலறிஞர் 1986இல் இதனை விளக்கினார். மாணவர் இரண்டு ஒப்பீடுகளைச் செய்கின்றனர். ஒன்று, வகுப்பிலுள்ள பிறரோடு தம்மை ஒப்பிடுவது. மற்றொன்று, தம்முடைய ஒரு பாடத்தைத் தம்முடைய மற்றொரு பாடத்தோடு ஒப்பிடுவது. மொழியில் நன்கு தேறுபவர்கள் கணிதத்திலும் நன்கு தேறுவதே பொதுவான நிலை. ஆனால் "எனக்கு மொழி வரும்" என்ற எண்ணத்துக்கும் "எனக்குக் கணக்கு வரும்" என்ற எண்ணத்துக்கும் இடையே அத்தகைய தொடர்பு அநேகமாக இல்லை. கணிதத்தில் சம மதிப்பெண் பெற்றவர்களுள், மொழியில் மிக வல்லவர்களே கணிதத்தில் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுகின்றனர்!

முதல் வகை ஒப்பீட்டிலும் ஒரு பொறி உண்டு. மிகச் சிறந்த மாணவர்கள் நிறைந்த பள்ளியில் நடுவிடத்தில் இருப்பவர், தம்மைத் திறமை குறைந்தவராகக் கருதுவார். அதே மாணவர் சாதாரணப் பள்ளியில் முதல்வராக இருந்தால், தம்மைப் பெரிய அறிவாளி என்று கருதுவார். அவருடைய அறிவு மாறவில்லை, சுற்றியுள்ளவர்கள்தாம் மாறினர். "சிறு குளத்தில் பெரிய மீன்" என்று மார்ஷ் இதனைக் குறிப்பிட்டார்.

எக்கிள்சும் அவருடைய தோழர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களை அவர்கள் 33 வயது வரை பின்தொடர்ந்தனர். கணிதம், மொழி இரண்டிலும் வல்லவர்கள், கணிதத்தில் மட்டும் வல்லவர்களைவிடக் குறைவாகவே அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்குச் சென்றனர். இரண்டிலும் வல்லவர்களின் கூட்டத்தில் பெண்கள் மிகுந்திருந்தனர். அவர்கள் அறிவியலை விட்டுச் சென்றது திறமைக் குறைவால் அன்று. அவர்களுக்கு முன்னே வேறு வழிகளும் திறந்திருந்தன.

பல வழிகளுள் ஒன்றை விரும்பி எடுப்பது நல்லதே. ஆனால் மல்லிகா அதைச் செய்யவில்லை. அவள் "எனக்கு இலக்கியம் வேண்டும்" என்று சொல்லவில்லை; "எனக்குக் கணக்கு வராது" என்றாள். இரண்டாவதாக வரும் பாடத்தை வராத பாடம் என்று எண்ணிவிட்டாள். இந்தத் தவறு உங்களுக்கும் நேரலாம். எச்சரிக்கையாக இருங்கள்.

அச்சம் சுற்றும் வட்டம்

சிலருக்குக் கணிதத்தின்பால் உள்ளது வெறுப்பு அன்று, அச்சம். இதை அளக்க 1972இலேயே ரிச்சர்ட்சன், சூயின் என்ற இருவர் தனி அளவுகோலை உருவாக்கினர். அச்சம் எப்படிக் கெடுக்கிறது? ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் எண்களை மனத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறோம். இதனைச் செயல் நினைவு என்பர். அதன் கொள்ளளவு சிறியது. "தப்பாகிவிடுமோ, எல்லோரும் சிரிப்பார்களோ" என்ற கவலை அந்தச் சிறிய இடத்தில் வந்து அமர்ந்துகொண்டால், கணக்குக்கு இடம் ஏது? அமெரிக்காவில் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்பவர்கள் 2001இல் செய்த சோதனைகள் இதை நன்கு காட்டின.

இவ்வாறு ஒரு வட்டம் உண்டாகிறது. அச்சத்தால் பயிற்சியைத் தவிர்க்கிறோம். பயிற்சி இன்மையால் மதிப்பெண் குறைகிறது. குறைந்த மதிப்பெண் அச்சத்தைப் பெருக்குகிறது. முடிவில் "கணக்கு வராது" என்ற சொல் உண்மையாகவே ஆகிவிடுகிறது. இந்த வட்டத்தை அச்சத்தின் பக்கத்திலும் அறுக்கலாம். பயிற்சியின் பக்கத்திலும் அறுக்கலாம். தேர்வு இல்லாத ஒரு நாளில், யாரும் பார்க்காத இடத்தில், எளிய கணக்கிலிருந்து தொடங்கி நாள்தோறும் சில கணக்குகள் போட்டு வருவது நல்ல தொடக்கமாகும்.

மனப்பான்மையை மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. கிறிஸ் ஹல்லமன், ஜூடித் ஹராக்கீவிச் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை மிக எளியது. உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். பருவம் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரு பிரிவினரும் எழுத வேண்டும். ஒரு பிரிவினர், படித்த பாடத்தைச் சுருக்கி எழுதினர். மற்றப் பிரிவினர், அப்பாடம் தம் வாழ்க்கையோடு எவ்வாறு தொடர்புடையது என்று எழுதினர். அவ்வளவே.

பருவ முடிவில் என்ன ஆயிற்று? "இப்பாடத்தில் எனக்கு வெற்றி கிடைக்காது" என்று தொடக்கத்தில் நம்பியிருந்த மாணவர்களைப் பாருங்கள். அவர்களுள் வாழ்க்கைத் தொடர்பை எழுதியவர்களுக்குப் பாடத்தில் ஆர்வமும் கூடிற்று, மதிப்பெண்ணும் கூடிற்று. முன்னரே நம்பிக்கை உடையவர்களுக்கு இதனால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. மருந்து வேண்டியவருக்கே வேலை செய்தது!

இவ்வறிஞர்களும் அவர்களுடைய தோழர்களும் 2012இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், கணிதமும் அறிவியலும் எதற்குப் பயன்படும் என்பதை விளக்கும் சிறு வெளியீடுகளைப் பெற்றோருக்கு அனுப்பினர். அதைப் பற்றித் தம் பிள்ளைகளோடு பேசுமாறு தூண்டினர். அந்த வீட்டுப் பிள்ளைகள், பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு பருவ அளவு மிகுதியாகக் கணித, அறிவியல் பாடங்களை விரும்பி எடுத்தனர். வீட்டில் நடக்கும் பேச்சுக்கும் இவ்வளவு வலிமை உண்டு.

செய்து பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடங்களுள் ஒன்றை நினைத்துக்கொண்டு, கீழுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே எண் இடுங்கள். முழுமையாக ஒப்பினால் 5, ஒப்பினால் 4, முடிவு சொல்ல இயலாவிட்டால் 3, மறுத்தால் 2, முழுமையாக மறுத்தால் 1.

1. இப்பாட வகுப்புக்கு மணி அடித்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.
2. இப்பாடத்தில் ஒன்று புரியாவிட்டால் உடனே புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.
3. முயன்றால் இப்பாடத்தின் கடினமான பகுதியையும் புரிந்துகொள்வேன்.
4. என்னைப் போன்றவர்களுக்கு இப்பாடம் ஏற்றதன்று.
5. பள்ளிக்கு வெளியே காணும் பலவற்றைப் புரிந்துகொள்ள இப்பாடம் உதவுகிறது.
6. இப்பாடத்தில் தேர்வு என்றாலே எனக்கு அச்சமாக இருக்கும்.
7. தேர்வுக்கு வராத பகுதியானாலும் இப்பாடத்தைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறேன்.
8. மதிப்பெண்ணுக்காக மட்டுமே இப்பாடத்தைப் படிக்கிறேன்.

1, 3, 5, 7 ஆகிய கூற்றுகள் பாடத்துக்குச் சார்பானவை. அவற்றின் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 6, 8 ஆகியவை எதிரானவை. அவற்றுக்கு நீங்கள் இட்ட எண்ணை 6இலிருந்து கழித்து, வரும் எண்ணை எழுதுங்கள். பின்பு எட்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 8க்குக் குறையாது; 40க்கு மிகாது; நடு எண் 24.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மாணவர் சார்பான கூற்றுகளுக்கு முறையே 3, 4, 4, 2 என்று இட்டார். கூட்டினால் 13. எதிரான கூற்றுகளுக்கு முறையே 4, 2, 5, 4 என்று இட்டார். 6இலிருந்து கழிக்க 2, 4, 1, 2 கிடைக்கும். கூட்டினால் 9. மொத்தம் 22. நடு எண்ணுக்குச் சற்றுக் குறைவு. இதைக் கொண்டு "இவருக்கு இப்பாடம் பிடிக்காது" என்று சொல்லிவிடலாமா? எண்களுக்குள்ளே பாருங்கள். முயன்றால் முடியும் என்கிறார். பயன் உண்டு என்கிறார். தமக்கு ஏற்றதன்று என்பதை மறுக்கிறார். மிகக் குறைந்த எண்ணாகிய 1 கிடைத்தது அச்சத்தைப் பற்றிய கூற்றில்தான். இவர் மாற்ற வேண்டியது பிரிவை அன்று; தேர்வுக்குத் தயாராகும் முறையை.

இவ்வாறே உங்கள் பாடங்கள் ஒவ்வொன்றுக்கும் செய்து, பக்கத்தில் மதிப்பெண்ணையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப் போகும் பாடங்களைப் பற்றிக் கவலை வேண்டா. ஒத்துப் போகாத பாடங்களை நன்கு கவனியுங்கள். மதிப்பெண் மிகுதியாகவும் மனப்பான்மை குறைவாகவும் இருந்தால், காரணம் எது? வேறொரு பாடத்தோடு ஒப்பிட்டதா, அச்சமா, "என் போன்றவர்க்கு அன்று" என்ற எண்ணமா? மதிப்பெண் குறைவாகவும் மனப்பான்மை மிகுதியாகவும் இருந்தால், விட்டுவிடாதீர்கள். ஆசிரியரிடம் அந்தத் தாளைக் காட்டி, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று கேளுங்கள். இஃது அறிஞர்கள் பலரிடம் சோதித்துச் செம்மை செய்த அளவுகோல் அன்று. ஆகையால் ஒரு நாள் வந்த எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டா. ஒரு மாதம் கழித்து மீண்டும் செய்து பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

விரும்பிச் செல்வதும் விலகி ஓடுவதும்

எல்லோரும் கணிதமோ அறிவியலோதான் எடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து அன்று. வரலாற்றை விரும்பி வரலாறு எடுப்பவரும், கணக்குப் பதிவியலை விரும்பி வணிகவியல் எடுப்பவரும், கைத்தொழிலை விரும்பித் தொழிற்பிரிவு எடுப்பவரும் சரியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பாடத்தை நோக்கிச் செல்வது ஒன்று. மற்றொரு பாடத்தைக் கண்டு ஓடுவது வேறொன்று. ஓடி வந்து சேர்ந்த இடம் நமக்குப் பிடித்த இடமாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? மல்லிகா தமிழை விரும்பி இலக்கியம் படித்தால் நாம் மகிழ்வோம். 82 மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "வராது" என்று ஓடினால்தான் வருந்துவோம்.

எனவே மேல்நிலை வகுப்பு விண்ணப்பத்தில் பிரிவின் பெயரை எழுதுவதற்கு முன், ஒரு மாலை நேரம் அமர்ந்து மேற்கண்ட தாளை நிரப்புங்கள். அதை அம்மாவிடமும் அப்பாவிடமும் ஆசிரியரிடமும் காட்டிப் பேசுங்கள். "இந்தப் பாடம் எனக்கு வராது" என்று சொல்லத் தோன்றினால், "யாரோடு ஒப்பிட்டு? எதனோடு ஒப்பிட்டு?" என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பின் எந்தப் பிரிவை எழுதினாலும், நன்கு ஆராய்ந்து நீங்களே எடுத்த முடிவாக அஃது இருக்கும்.

சிந்திக்க:

1. உங்கள் வகுப்பில் ஐவரிடம் அறிவியலறிஞர் ஒருவரை வரையச் சொல்லுங்கள். எத்தனை படங்களில் பெண் இருக்கிறார்? எத்தனை படங்களில் அவர் தனியாக இல்லாமல் பிறரோடு சேர்ந்து பணியாற்றுகிறார்?

2. உங்களுக்கு மிகக் குறைந்த மனப்பான்மை எண் கிடைத்த பாடத்தில், இந்த வாரம் படித்த ஒரு செய்தி உங்கள் வீட்டிலோ தெருவிலோ எங்கே பயன்படுகிறது என்று பத்து வரி எழுதுங்கள். ஒரு பருவம் முழுவதும் இதைத் தொடர்ந்து செய்து, முடிவில் அளவுகோலை மீண்டும் நிரப்பிப் பாருங்கள்.

3. உங்களுக்கு "வராது" என்று நீங்கள் கருதும் பாடத்தில் உங்கள் மதிப்பெண் என்ன? உங்கள் மற்றப் பாடங்களின் மதிப்பெண்களை மறைத்துவிட்டு அதை மட்டும் பார்த்தால் என்ன தோன்றுகிறது?